ஒரு தையல் மிச்சம்

எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் நன்றி சொல்வதில்லை. உப்பு ஏற்ற வரும் லாரிக்காரர்கள் இதைத் திமிர் என்கிறார்கள், வெளியூர்ச் சம்பந்திகள் வளர்ப்பு சரியில்லை என்கிறார்கள், தாயையும் பிள்ளையையும் பிழைக்க வைத்த புது டாக்டரம்மாவிடம் "சரிம்மா, மிச்சத்த அப்புறம் பாத்துக்கிடுவோம்" என்று சொல்லிவிட்டு ஒரு குடும்பமே திரும்பிப் பார்க்காமல் ஆட்டோவில் ஏறிப் போனபோது அந்தம்மா ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று அழுதார்கள். பிறகு யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். இப்போது அவர்களும் ஊசி போட்டுவிட்டுப் பஞ்சை மட்டும் கொடுக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

எல்லாம் எங்கள் பள்ளிக்கூடத்து ஹாலில் ஆரம்பித்தது. அடைக்கல மாதா பெண்கள் பள்ளியில் வருடா வருடம் ஆண்டு விழாவுக்கு ஒரே இசை நாடகம்தான், 'வெண்கொக்கு ராஜ்யம்', எப்போதோ இருந்த வெள்ளைக்காரச் சிஸ்டர் ஒருவர் எழுதி மெட்டுப் போட்டது. நாடு வறண்டுபோய்க் கொக்குகள் எல்லாம் கூடிப் பாடிப் பாடி மழையைக் கூட்டி வரும் கதை. உப்பள ஊரில் உட்கார்ந்துகொண்டு மழைக்குப் பாடுவதா, பாத்தியில் விளைந்ததெல்லாம் கரைந்து போகாதா என்று அளத்து ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டே வந்து முன்வரிசையில் இடம் பிடிப்பார்கள். நான் பிறப்பதற்கு முந்தைய ஒரு வருடம், மாவட்டப் போட்டியில் அந்தப் பாட்டைப் பாடிப் பரிசு வாங்கிக்கொண்டு திரும்பிய வேன், அடைமழையில், ஓடைப் பாலத்துக் கைப்பிடிச் சுவரை இடித்துக்கொண்டு கீழே போனது. ஒன்பது பிள்ளைகள். அந்த வருடம் ஆண்டு விழா இல்லை. அடுத்த வருடம் ஒத்திகை தொடங்கி, பாட்டு டீச்சர் ஆக்னஸ் ஆர்மோனியத்தில் முதல் கட்டையை அழுத்தியபோது, மேடையின் பின்கதவு திறந்து ஒன்பது பேரும் உள்ளே வந்தார்கள், சடையிலிருந்து தண்ணீர் சொட்ட, வெள்ளைச் சட்டையில் ஓடைச் சேறு ஒட்டியிருக்க, உயர வரிசைப்படி கடைசி வரிசையில் அவரவர் இடத்தில் நின்று இரண்டாம் குரலை எடுத்தார்கள். ஆக்னஸ் டீச்சர் பாட்டை நிறுத்தவில்லை. பாடி முடித்ததும், "லூர்து, நீ எப்பவும் போல அரைக்கட்டை கீழ நிக்கே. நிமிந்து பாடு" என்று மட்டும் சொன்னார்களாம்.

அப்புறம் அதற்கு ஏற்றபடி எல்லாம் நடந்தது. தரையைத் துடைத்து மாளவில்லை என்று ஆயா சண்டை போட்டதால் கடைசி வரிசைக்கு மட்டும் சாக்கு விரித்தார்கள். பக்கத்தில் நிற்கும் பிள்ளைகளுக்குச் சளி பிடித்ததால் பெற்றோர் கூட்டத்தில் பேசி நடுவில் ஒரு முழம் இடம் விட்டார்கள். அவர்கள் பன் தின்பதில்லை, டீ குடிப்பதில்லை. இருந்தாலும் தட்டு நீட்டாமல் போனால் மனசு நோகுமே என்று நீட்டினார்கள். அம்மாக்கள் வந்து உட்காரலாமா என்று கேட்டார்கள், நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள், ஆனால் பிள்ளைகள் அம்மாக்களின் பக்கம் திரும்பவே இல்லை, டீச்சரின் இடது கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லூர்துவின் அம்மா ஒத்திகை தோறும் காய்ந்த சட்டை பாவாடை ஒரு ஜோடி கொண்டுவந்து மேடை ஓரத்தில் வைப்பார், போகும்போது அதை ஈரமாக எடுத்துக்கொண்டு போவார், எத்தனை அலசினாலும் உப்புப் பூத்துத்தான் காய்கிறது என்று கொடிக்கயிற்றைக் காட்டித் தெருவில் போகிறவர்களிடமெல்லாம் சொல்வார், சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருக்கும்.

நாடகம் நடந்தது, திரை விழுந்தது, ஊர் வீட்டுக்குப் போனது, அவர்கள் போகவில்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் கடைசி வரிசையில் நேராக நின்றுகொண்டிருந்தார்கள், ஹால் முழுக்க ஈரம், அரையாண்டுப் பரீட்சைக்குப் பெஞ்சு போட முடியவில்லை. பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார், தண்ணீரோடு தண்ணீர் சேர்ந்ததுதான் மிச்சம். கடைசியில் ஆயாவுக்குத்தான் தோன்றியது: துக்கத்தில் இந்தத் தடவை நன்றியுரை வாசிக்காமல் விட்டுவிட்டார்கள். இவர்கள் கான்வென்ட் பிள்ளைகள். நன்றியுரை முடியாமல் ஒரு பிள்ளையும் ஹாலை விட்டு அசையக் கூடாது என்று முட்டிக்குக் கீழே பிரம்பால் அடி வாங்கிப் படித்தவர்கள். தலைமைச் சிஸ்டர் ஆளில்லாத ஹாலில் மைக்கைப் பிடித்து ஒவ்வொரு பேராகச் சொல்லி நன்றி என்றார்கள், ஒவ்வொரு பிள்ளையாகக் கைகூப்பித் தலைகுனிந்து, வந்த கதவு வழியாகவே இறங்கி, உப்புப் பாத்திகளின் வரப்பில் ஒற்றை வரிசையாக ஓடைக்கு நடந்துபோனார்கள். அடுத்த வருடம் ஆர்மோனியம் கேட்டதும் திரும்ப வந்தார்கள்.

அந்த அடுத்த வருடம்தான் தப்பு நடந்தது. ஒன்பது பேரையும் சொல்லி முடித்த வாயோடு, ஒலி ஒளி அமைத்துக் கொடுத்த மைக்செட் தாசன் அவர்களுக்கும் நன்றி என்று வாசித்துவிட்டார்கள். தாசன் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தவர், கைகூப்பினார். அன்றைக்கே போய்விடவில்லை, உயிருள்ளவர்களுக்குக் கொஞ்சம் தவணை உண்டு. வீட்டுக்கு வந்தார், இலையில் பாதியிலேயே போதும் என்றார், தன் வீட்டு நாற்காலியின் நுனியில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்தார், வேட்டிக் கரையில் ஈரம் கண்டது, ஒரு மத்தியானம் வரப்பில் நடந்து போய்விட்டார். "கல்யாணம் ஆன நாள்லருந்து அப்பிடி மரியாதையா அவரு இருந்ததே இல்ல," என்று அவர் மனைவி சொல்லிச் சொல்லி அழுதாராம், "சண்டையே போடலக்கா, அப்பமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு." இப்போது தாசனும் பிள்ளைகளோடு வருகிறார். மைக் கரகரவென்றால் ஈரக் கையோடு வந்து சரி பண்ணுகிறார், ஷாக் அடிப்பதில்லை.

அதிலிருந்து உயிரோடு இருப்பவர்களுக்கு நன்றி கிடையாது. யாருடைய வாயும் தவறிவிடலாம் என்பதால் ஜனங்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: செய்கிற வேலையில் ஒன்றை மிச்சம் வைப்பது. முழுசாகச் செய்தவனுக்குத்தானே நன்றி. எங்கள் நாடகத்தில் எப்போதும் ஒரு விளக்கு எரியாது, திரையில் ஒரு வளையம் மாட்டாமல் தொங்கும், ராணிக் கொக்கின் சட்டையில் ஒரு பொத்தான் இருக்காது. பிறகு அது ஊருக்குள் இறங்கிவிட்டது. கொத்தனார் கடைசிக் கரண்டி சிமெண்டைப் பூசுவதில்லை, கல்யாணப் பெண்ணின் ரவிக்கையில் ஒரு கொக்கி இல்லாமல் பின்னூசி குத்துகிறார்கள். பன் கொடுக்கும் பேக்கரி பாக்கியத்தம்மாள் எப்போதும் ஒரு பன் குறைத்தே அனுப்புவார். ஒரு வருடம் எண்ணிக்கை தவறிச் சரியாக அனுப்பிவிட, பள்ளியில் டீச்சராக இருந்த அவர் மருமகளே மேடையில் வாய் தவறி மாமியார் பேரைச் சொல்லிவிட்டாள். மருமகள் கெட்டிக்காரி. அன்று ராத்திரியே, வளைகாப்புக்குப் போட்ட வளையல் கவரிங் என்று சண்டையை ஆரம்பித்தாள். சொன்ன நன்றியை அழிக்க வேறு யார் சண்டை போட்டாலும் பலிக்காது, நன்றி சொன்ன வாய்தான் குறை சொல்ல வேண்டும், அதுவும் வயிறு எரிந்து சொல்ல வேண்டும். அவள் எரிந்துதான் சொன்னாள், நிஜமாகவே அது கவரிங்தான். பாக்கியத்தம்மாள் அந்தச் சண்டையைப் பிடித்துக்கொண்டே இன்றைக்கும் இருக்கிறார், கண் தெரியாது, காது கேட்காது, மருமகள் தினமும் காலையில் அவர் காதில் குனிந்து "கவரிங்!" என்று கத்திவிட்டுத்தான் பல் விளக்குகிறாள்.

நானும் அதே ஹாலில் கொக்காக நின்றவள்தான். லூர்துவுக்கு முன்வரிசையில் நின்று பாடியிருக்கிறேன், என் முதுகில் அவள் சடையின் ஈரம் பட்டிருக்கிறது, எனக்கு அவள் அக்காவாக இருந்தாள், பிறகு என் வயசானாள், பிறகு என்னைவிடச் சின்னவளாகிவிட்டாள். படிப்பு முடித்து, கப்பல் வேலைக்காரர் ரெக்ஸனைக் கட்டி, ஆக்சிலியாவைப் பெற்றேன். அவர் வருடத்தில் பத்து மாதம் கடலில். வீட்டில் நானும் மகளும்தான். அவளை நான் படித்த பள்ளியிலேயே சேர்த்தேன், வேறு பள்ளி இல்லை என்பது ஒன்று, அந்தப் பாட்டை அவளும் பாட வேண்டும் என்ற ஆசை இன்னொன்று. இந்த வருடம் ஆறாம் வகுப்பில் அவளுக்குக் குட்டிக் கொக்கு வேஷம் கிடைத்தது. குட்டிக் கொக்காக வருகிற பிள்ளைதான் நன்றியுரை வாசிக்க வேண்டும். அதுவும் எனக்குத் தெரியும்.

புதுத் தலைமைச் சிஸ்டர் லியோனி திருச்சிப் பக்கம். பிள்ளைகளுக்கு நல்ல பழக்கம் என்று தண்ணீர் பாட்டிலை நகர்த்திக் கொடுத்தால்கூடத் தேங்க்யூ சொல்லப் பழக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பயமாகி, அவர்கள் முன்னால் போய் நின்றேன்.

"சிஸ்டர், நன்றியுரையில அந்தப் பிள்ளைங்க பேரும் தாசண்ணன் பேரும் மட்டும் இருந்தாப் போதும்."

"பியூலா, நம்ம ஸ்கூல்ல படிச்ச பொண்ணு, நீயே இப்படிப் பேசலாமா? ஆத்துமாக்களைப் பத்தித் திருச்சபை சொல்லியிருக்கு. அவங்க வரட்டும், பாடட்டும், போகட்டும், அதுல எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல. ஆனா நன்றி கெட்ட ஊருன்னு ஒண்ணு இருக்கலாம்னு எங்கயும் சொல்லல."

"என் பிள்ள வாசிக்கா சிஸ்டர்."

என் குரல் எப்படி இருந்ததோ, "சரி, அந்தப் பத்துப் பேர் மட்டும். உனக்காக," என்றார்கள். எனக்கு நன்றி சொல்ல வாய் வந்தது. கடித்துக்கொண்டேன்.

இறக்கை தைத்தேன். வெள்ளைச் சாட்டின் துணியில் பஞ்சு வைத்து, இறகு இறகாக வெட்டி, ஒவ்வொன்றாக அடுக்கி. இடது தோளில் கடைசித் தையலைப் போடாமல் நூலைத் தொங்கவிட்டேன், ஊரில் எந்தத் தாயும் செய்கிற மாதிரி. டிரெஸ் ரிகர்சலில், மழையைக் கூட்டிக்கொண்டு குட்டிக் கொக்கு பறந்து வருகிற இடத்தில், இடது இறக்கை கழன்று மேடையில் விழுந்தது. சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். சிஸ்டர் லியோனி, "உங்க அம்மாவுக்கு ஊசி பிடிக்கத் தெரியாதா?" என்று கேட்டார்கள். ஆக்சிலியா அழவில்லை. வீட்டுக்கு வந்து, இறக்கையை மடியில் வைத்து, என் முகத்தைப் பார்க்காமல், "எனக்காக ஒரே ஒரு தையல் போட்டா என்னம்மா?" என்றாள்.

போட்டேன். முடிச்சும் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன்.

விழா அன்றைக்கு இறக்கை நின்றது. அவள் பறந்து வந்தாள், கடைசி வரிசை இரண்டாம் குரல் எடுத்தது, கூரைத் தகரத்தில் உண்மையிலேயே இரண்டு தூறல் விழ, அளத்து ஆட்கள் தலையில் கை வைத்தார்கள். பிறகு அவள் மைக்குக்கு வந்து, ஒவ்வொரு பேராக வாசித்தாள். மரிய லூர்து, நன்றி. செல்வ ராக்கினி, நன்றி. ஒவ்வொருத்தியும் குனிந்து போகப் போக, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கிழவிகள், அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள், ஒவ்வொருவராக முகத்தை முந்தானையால் மூடினார்கள். தாசனும் வயரைக் கீழே வைத்துவிட்டுப் போனார். தாள் முடிந்தது. ஆக்சிலியா தாளை மடித்தாள். அழுகிற அம்மாக்களைப் பார்த்தாள், அவர்களுக்குப் பின்னால் அழுதுகொண்டிருந்த என்னைப் பார்த்தாள், அவளுக்கு என்ன தோன்றியதோ, குனிந்து மைக்கில் சொன்னாள்:

"எங்க அம்மா பியூலாவுக்கும். இறக்கைய முழுசா தைச்சுக் குடுத்ததுக்கு. நன்றி."

யாரும் ஐயோ என்று சொல்லவில்லை. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் வரிசையில் இருந்த பெண்கள் மட்டும், நான் போவதற்கு வழியாக, காலடியில் கிடந்த செருப்புகளை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டார்கள். என் இரண்டு கைகளும் தானாகவே கூப்பிக்கொண்டதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பசிக்கவில்லை. அதற்கு மறுநாள் என் சேலைக் கரையில் ஈரம், பிழிந்தால் கையில் உப்புக் கரித்தது. என் அடுப்படிக்குள் நுழைய "வரலாமா?" என்று கேட்டுவிட்டு, யாரிடம் கேட்டேன் என்று திடுக்கிட்டு நின்றேன். ஊர் தன்மையாக நடந்துகொண்டது. பால்காரர் அரை லிட்டரைக் கால் லிட்டராக்கினார். மீன்காரம்மா கூடையை இறக்கிவைத்து, "எப்பம்மா போற? பிள்ளைக்கு முள்ளில்லாத மீனாப் பாத்துப் போடுதேன், கவலப்படாத," என்றாள். ரெக்ஸன் போனில், "குறை சொல்லச் சொல்லு அவள. நல்லாத் திட்டச் சொல்லு," என்று கத்தினார், பின்னால் கப்பலின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, நான் பணிவாக "சரிங்க, ரொம்ப சந்தோஷம்" என்றேன், அந்தப் பக்கம் அவர் அழுகிற சத்தம் கேட்டது. சிஸ்டர் லியோனி வந்தார்கள். நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே அழுதார்கள், போகும்போது ஒரு மிச்சமாகக் குடையை வேண்டுமென்றே என் வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போனார்கள். அதற்குள் ஊர் வழக்கத்தைப் படித்துவிட்டார்கள், பாவம். ஆனால் சொன்ன வாய் அவர்களுடையது இல்லை.

சொன்ன வாய் பன்னிரண்டு வயசு கூட ஆகாத வாய்.

"குழம்பு நல்லால்லன்னு சொல்லு பாப்பா."

"நல்லாருக்கேம்மா."

"நல்லால்லன்னு சொல்லு."

"குழம்பு நல்லால்லம்மா," என்று சொல்லிவிட்டு அவள் என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். சேலையிலிருந்து தண்ணீர் இன்னும் வேகமாகச் சொட்டியது.

அதனால் நிஜமாகவே கெடுதல் செய்யத் தொடங்கினேன். உப்பில்லாமல் சமைத்தேன், உப்பளத்துக்கு நடுவில் இருந்துகொண்டு. ஒரு சடையைப் பின்னி மற்றதை விரித்தபடி பள்ளிக்கு அனுப்பினேன், தெருவெல்லாம் அதைப் பார்த்துப் புரிந்துகொண்டது. பிறந்தநாளுக்குச் சட்டை எடுத்துத் தருவதாகச் சொல்லிக் கடை வாசல் வரை கூட்டிப்போய்த் திருப்பிக் கூட்டிவந்தேன். காய்ச்சலில் தண்ணீர் கேட்டாள், கேட்காத மாதிரி சுவரைப் பார்த்து நின்றேன், அவளே தட்டுத் தடுமாறி எழுந்து குடித்தாள். இதையெல்லாம் செய்ய ஒரு தாய்க்கு என்ன வேண்டியிருக்கிறது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த இறக்கைகளை அவள் கண் முன்னால் அடுப்பில் வைத்த அன்றைக்குத்தான் அவள் தட்டைத் தூக்கி எறிந்தாள். "நீ எனக்கு ஒண்ணுமே செஞ்சதில்ல! ஒண்ணுமே!" சோறு சுவரில் ஒட்டியிருக்க, என்னை அவள் பார்த்த பார்வையில் ஒரு துளி அன்பு இல்லை. சேலைக் கரை காய்ந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு எனக்குப் பசித்தது. கீழே சிந்திய சோற்றை அள்ளி உட்கார்ந்து தின்றேன்.

இப்படித்தான் இருக்கிறேன். அவள் கோபத்தில் ஒரு வாரம், அது ஆறினால் புதிதாக ஒரு கெடுதல். நாள் போகப் போக எனக்குப் பயம் கூடுகிறது. கோபம் நிற்கிற வயசு இல்லை இது என்பது ஒரு பயம். இன்னொன்று பெரியது: என்றைக்காவது அவளும் ஒரு பிள்ளையைப் பெறுவாள், தொட்டிலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒரு நேரத்தில் எல்லாம் அவளுக்கு விளங்கும், அவள் வாய் திறந்து சொல்லக்கூட வேண்டியதில்லை.

அந்த நாள் அத்தனை சீக்கிரம் வரும் என்று நான் நினைக்கவில்லை. இன்று அவள் சாப்பிட உட்கார்ந்தாள். ரசம், உருளைக்கிழங்கு, எதிலும் உப்பில்லை. ஒரு கவளம் வைத்தவள் நிறுத்தினாள். தட்டைப் பார்த்தாள். பரணில் உயரத்தில் ஏற்றி வைத்திருந்த உப்பு ஜாடியைப் பார்த்தாள். பிறகு என்னை, இறக்கையை அடுப்பில் வைத்தபோது சுட்ட தழும்பு இருக்கிற என் விரல்களை, மேலிருந்து கீழ் வரை மெதுவாகப் பார்த்தாள். கண் நிறைந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது என்பது, சேலைக் கரையிலிருந்து முதல் சொட்டு என் காலில் விழுந்தபோது எனக்குத் தெரிந்தது. அடுத்தது, அதற்கடுத்தது, பிறகு ஒழுகத் தொடங்கியது, என் கால்கள் திரும்பிப் பின்கதவுக்குப் போயின, கை தாழ்ப்பாளை எடுத்தது, வெளியே வரப்பு வெள்ளையாக ஓடை வரைக்கும் தெரிந்தது.

"அம்மா."

நான் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. அவள் உதடு அந்தச் சொல்லுக்காகக் கூடுகிற சத்தம்கூடக் கேட்டது போலிருந்தது.

தட்டு தரையில் தேய்கிற சத்தம் கேட்டது.

"உப்பே இல்ல." ஆக்னஸ் டீச்சர் லூர்துவுக்குச் சொன்ன மாதிரி நிமிர்ந்து, அரைக்கட்டைகூடக் குறையாமல் சொன்னாள். "வாயில வைக்க முடியல. ஒரு நாளாவது எனக்கு ஒழுங்கா ஆக்கிப் போட்டிருக்கியா நீ? நாளைக்காவது போடு."

என் கால் வாசற்படியில் நின்றது. ஒன்று மிச்சம் இருந்தது.

"சரி," என்றேன். "நாளைக்கு."

தாழ்ப்பாளைப் போட்டேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு முகத்தைத் திருப்பியபடி என்னைத் தாண்டிப் போனாள். நான் முக்காலி போட்டு ஏறி, உப்பு ஜாடியை இன்னும் உள்ளே, கை எட்டாத மூலைக்குத் தள்ளி வைத்தேன்.